மை வடியும் வரை நின்றவன்

கயல்,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். கோபம் வந்தது, வைத்தேன். "கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க ஒரு ஆளுதானேம்மா வேணும், குடவாசல் மாமாவ நிறுத்திக்கலாம். ஒரு சாக்குக் கம்பெனி ரோலருக்காக இத்தன வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கிற மனுஷன் நமக்கு எதுக்கு?" என்று கேட்டாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உனக்குத் தெரிந்தது பாதிக்கதை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு துண்டு சொல்லியிருப்பார்கள். அதில் ஒன்று நான் முதலாளிக்கு வாலாட்டியவளாக இருப்பேன், இல்லையென்றால் உன் மாமன் வெட்டி வீம்புக்காரனாக இருப்பான். இரண்டும் பொய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால் எழுதுகிறேன். டியூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் மாமன் செல்வராசு எனக்கு ஒரே தம்பி. நாங்கள் பிறந்த ஊரில் நிலமெல்லாம் ஒரே பண்ணையாருடையது. அதில் ஆறு மா நிலத்தை எங்கள் அப்பா குத்தகைக்கு உழுதார், அவருக்குப் பின் செல்வராசு உழுதான். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உழுகிறவன் பேரைத் தாலுகா ஆபீசில் பதியலாம் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனால் எங்கள் பக்கம் அப்படி மனுக் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. செல்வராசு கொடுத்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து நாலு பேர் பேசுவதைக் கேட்டவன், சும்மா இருப்பானா? மனுக் கொடுத்தது முதல் வாய்தா, வாய்தா என்று அவனை அலைக்கழித்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போவான். திரும்பி வரும்போது முகம் செத்திருக்கும். ஆனாலும் அடுத்த வாய்தாவுக்கு அதே சட்டையைத் துவைத்து வைப்பான்.

பண்ணையாரின் மகன்தான் என் முதலாளி. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது வீட்டு நாயையும் பூனையையும் தவிர எல்லார் பேரிலும் நிலத்தைப் பிரித்து எழுதியவர் அப்பன். மகன் அதைவிடக் கெட்டிக்காரர். இனி நிலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்று அரிசி ஆலை வைத்தார், ஆலைக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுச் சாக்குக் கம்பெனி ஆரம்பித்தார். பிளாஸ்டிக் சாக்கில் அரிசியின் பேரும் நெற்கதிர்ப் படமும் அச்சடித்து, வெட்டி, தைத்து அனுப்புகிற வேலை. ஆட்சி மாறினால் சாக்கின் கரைக்கும் நிறம் மாற்றுவார். மந்திரி எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்காரராக முதலாளி மறுநாள் காலையில் எழுந்திருப்பார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். ஆனால் நடவு நேரத்தில் வரப்பில் நின்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த பெண்களுக்கு வருஷம் முழுக்க வேலை கொடுத்தது அந்தக் கொட்டகைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் தையலுக்குத்தான் போனேன். அச்சு மிஷினுக்குச் சிவகாசியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சம்பளத் தகராறில் அவர் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தின்னர் எடுத்துக் கொடுத்து, கூடவே நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். ஓட்டத் தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியும் என்றேன். பாதிதான் தெரியும், மீதியை ஓட்டி ஓட்டிக் கற்றுக்கொண்டேன். பொம்பளை மிஷின் ஓட்டுகிறாள் என்று ஆலைக்கு நெல் கொண்டுவந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

நீ ரோலர் என்று சொன்னாய், ஏதோ சப்பாத்திக் கட்டையைச் சொல்கிற மாதிரி. அது என்ன என்று உனக்குச் சொல்கிறேன். மை டின்னில் வரும்போது மேலே தெளிந்து அடியில் கட்டியாகப் படிந்திருக்கும். கட்டையை அடிவரைக்கும் விட்டுக் கிண்ட வேண்டும். மேலாகக் கிண்டினால் முதல் சாக்கு வெளிறியும் கடைசிச் சாக்கு கறுத்தும் வரும். பிறகு தின்னர் விட வேண்டும். அடியில் ஓட்டை உள்ள ஒரு கிண்ணம் இருக்கும், அதில் மையை மொண்டு தூக்கிப் பிடித்தால் ஒழுகுகிற ஒழுக்கிலேயே பதம் தெரியும். தண்ணியாக இருந்தால் சாக்கில் பரவி எழுத்து ஊதிப்போகும், கெட்டியாக இருந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பதம் வந்ததும் நைலான் துணியில் வடிகட்டி, மிஷினின் அடித்தட்டில் ஓரமாக, நுரை எழும்பாமல் மெதுவாக ஊற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் ஊற்றி, நீ சொன்ன ரோலரை, அந்த உருளையைச் சுற்றவிட்டு, அது முழுக்க நனைந்த பிறகுதான் மீதியை ஊற்றலாம். அந்த உருளையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன. நகத்தால் தடவினால் மட்டும் சொரசொரப்புத் தெரியும். அந்தக் குழிகள் மையை மொண்டு ரப்பர் எழுத்துக்குக் கொடுக்கும், எழுத்து சாக்கில் பதியும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மை ஊற்றிய பிறகு உருளை நிற்கக் கூடாது. நின்றால் தின்னர் ஆவியாகிப் போய் மை குழிக்குள் காய்ந்துவிடும். காய்ந்தால் பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. கரண்ட் போனால்கூட நான் கைப்பிடியைப் பிடித்து உருளையைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். தோள் கழன்றுவிடும். எங்கள் ஊரில் கரண்ட் எவ்வளவு அழகாக வரும் என்று உனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலிச் சண்டை வந்தது. நெல் கூலியைக் கூட்டிக் கொடு என்று சங்கம் கேட்டது, பண்ணையார்கள் முடியாது என்றார்கள். என் முதலாளி லாரி வைத்து வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலில் சிவப்புக் கொடி ஊன்றினார்கள், லாரியை மறித்தார்கள், ஊருக்குள் போலீஸ் வேன் வந்து நின்றது. வயலில் மட்டும் நிறுத்தினால் இவருக்கு உறைக்காது, ஆலையும் சாக்குக் கம்பெனியும் நிற்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவானது. எந்த நாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி காதுக்குப் போய்விடும் என்று பயம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பச்சை மையைக் கலக்கித் தட்டு நிறைய ஊற்றி, உருளை நனைந்து நல்ல எழுத்து விழ ஆரம்பித்த நேரம். வாசலில் கோஷம் கேட்டது. செல்வராசு குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். தைக்கிற பெண்கள் எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கூத்தாநல்லூரிலிருந்து வருகிற மும்தாஜ் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னக்கா செய்யப் போறீங்க?" என்றாள். மிஷினை நிறுத்தினேன். உருளையைக் கையால் சுற்றிக்கொண்டே, "டின்ன எடுத்து அடியில பிடிடி" என்றேன்.

உன் மாமன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். "அக்கா, மிஷின நிறுத்திட்டு வா."

"நிறுத்திட்டேன்டா. மை கெடக்கு. வடிச்சிக் கழுவிட்டு வர்றேன்."

"அவன் மை, அவன் மிஷினு. அப்படியே போட்டுட்டு வா!"

"காஞ்சிரும்டா."

"காயட்டும்க்கா! அதுக்குத்தான வந்திருக்கோம்!"

அவன் சொன்னதில் தப்பு இருக்கிறதா? இல்லை. நெல்லை அறுக்காமல் போட்டால் அதுவும்தான் வீணாகும், அதைத் தெரிந்துதான் போட்டார்கள். அவனுக்கு வயலில் தெரிந்த நியாயம் கொட்டகையில் எனக்கு ஏன் தெரியவில்லை என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். உருளை பாழானால் புதுசு வருகிறவரைக்கும் கொட்டகை மூடிக்கிடக்கும். கூலி கூடி வயலில் இறங்க அறுக்கிறவர்களுக்கு ஒரு நாள் வரும், கொட்டகை மூடினால் தைக்கிற பெண்களுக்கு அது வராது. இது ஒன்று. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை, கயல். யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்த மையைக் கலக்கியவள் நான், ஊற்றியவள் நான். கையில் எடுத்த வேலையை அப்படிப் போட்டுவிட்டு நடக்க என் கால் எழவில்லை. முதலாளிக்காக என்றால் நான் அங்கேயே நின்றிருப்பேன். நான் வேலைநிறுத்தத்துக்குப் போகத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். இதை அன்றைக்கும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

மை அவசரத்துக்கு வடியாது. தட்டைச் சாய்த்தாலும் ஓரத்தில் தங்கி, இழுத்து இழுத்துத்தான் விழும். வடிந்ததும் தின்னர் ஊற்றிச் சுற்ற வேண்டும், பிரஷ் போட வேண்டும், துணி வெள்ளையாக வருகிறவரைக்கும் துடைக்க வேண்டும். வெளியே கூட்டம் ஆலைப் பக்கம் நகர்வது சத்தத்தில் தெரிந்தது. "வாடா செல்வராசு, அவ வரமாட்டாடா" என்று யாரோ சொன்னார்கள். "எங்க அக்கா வரும். நீங்க போங்க, நான் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது, போடா, நான் பின்னாலேயே வருகிறேன் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கை வேலையில் இருந்தது, வாய் எழவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கேட்டில் யாரும் இல்லை. "தனியா நின்னான்மா, வேன்ல ஏத்திட்டாங்க" என்றார் வாட்ச்மேன். கூட்டத்தோடு போயிருந்தால் அவனைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒற்றை ஆளாக, கையில் கொடியோடு நின்றவனைப் பிடிப்பதற்கு என்ன கஷ்டம்? நான் ஆலைக்கு ஓடிக் கூட்டத்தோடு உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இடம் விடுவதற்காக நகரவில்லை.

அவன் ரிமாண்டில் இருக்கும்போது வாய்தா வந்தது. அதுதான் கடைசி வாய்தா என்று யாருக்குத் தெரியும்? நான் தாலுகா ஆபீசுக்குப் போய்த் தம்பி ஜெயிலில் இருக்கிறான், தள்ளிப் போடுங்கள் என்று கும்பிட்டேன். உழுகிறவன்தான் வந்து சொல்ல வேண்டும், அக்காவெல்லாம் சொல்லக் கூடாது என்றார்கள். பண்ணையார் தரப்பில் வக்கீலும் கணக்குப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி. அப்பா சேற்றில் இறங்கிய ஆறு மா, தம்பி அந்த வருஷம் நாற்றுவிட்டு நட்ட ஆறு மா, ஒரு மத்தியானத்தில் போனது. மேலே அப்பீல் போகலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். போவதற்குள் பண்ணையார் ஆள் டிராக்டர் இறக்கி உழுதுவிட்டான்.

கூலிப் பேச்சு முடிந்து கொட்டகை திறந்தபோது முதலாளி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் வைத்து, "இந்த அம்மா ஒருத்திதான் ரோலரக் கழுவிட்டுப் போச்சு. உண்மையான ஆளுன்னா இதுதான்" என்றார். அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. உங்களுக்காகக் கழுவவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நான் மறுபடி மிஷினில் போய் நின்றேன். நீ அப்போது வயிற்றில் இருந்தாய், உன் அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. இதை மன்னிப்புக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

செல்வராசு வெளியே வந்த அன்றைக்கு நேராக நம் வீட்டுக்கு வந்தான். நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். உட்காருடா என்றேன், உட்காரவில்லை. முகமெல்லாம் தாடி. என் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் பச்சை இருந்தது. "ரோலர் நல்லா இருக்காக்கா?" என்று கேட்டான். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, உடம்புக்கு முடியாதவரை விசாரிப்பது மாதிரி கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டான். அதுதான் அவன் நம் வாசற்படி மிதித்த கடைசி நாள். அதற்குப் பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். நெல்லைத் தவிர எதுவும் தெரியாதவன், கொப்புளித்த காலோடு உப்பு வாரினான். உன் மஞ்சள் நீராட்டுக்கு ஆள்விட்டுச் சொன்னேன், வரவில்லை. அப்போது குடவாசல் மாமாவை நிறுத்தினோம். சபையில் அந்த மனுஷன் உனக்கு மாலை போட்டபோது நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். இன்னொரு தடவை என்னால் அது முடியாது. அதனால்தான் போனை வைத்தேன்.

போன வருஷம் உன் பெரியப்பா இறந்தபோது, வார்டை அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்காமல் வர முடியாது என்று நீ நின்றுவிட்டாய். நீ வந்து இறங்கியபோது எடுத்துவிட்டிருந்தார்கள். ஊரே உன்னைப் பேசியது. உன் அப்பாவுக்கும் வருத்தம்தான். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சோற்றைப் போட்டுச் சாப்பிடு என்றேன். அம்மா ஏன் திட்டவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். இப்போது தெரிந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், நாம் வேலையை முடித்துவிட்டு வருகிறவரைக்கும் வெளியே யாரோ ஒருத்தர் நிற்கிறார். நாளைக்கு உன் புருஷன் நிற்பான், உன் பிள்ளை நிற்கும். அவர்கள் நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை, செல்வராசு கொடுத்தான். அவனை வீம்புக்காரன் என்று நீ சொல்லக் கூடாது.

உனக்குத் தெரியாமல், போன வெள்ளிக்கிழமை, உன் கல்யாணத்தின் முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். தாய்மாமனுக்கு வைக்காமல் வேறு யாருக்கு முதலில் வைப்பது? திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி, வேதாரண்யத்தில் மாறி, உச்சி வெயிலில் போய் இறங்கினேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வாரியைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் பெண்சாதி பூங்கோதை பாய் விரித்து மோர் கொடுத்தாள். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்குறேன். அன்னிக்கி மாதிரி இப்ப நான் கேட்டுல வந்து நின்னு கூப்புட்டா என்ன செய்வே?"

பூங்கோதை என்னைப் பார்த்தாள். அண்ணி, வந்துடுவேன்னு சொல்லிடுங்க என்று அந்தக் கண் கெஞ்சியது. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் அவன் தட்டை வாங்கியிருப்பான், உன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றிருப்பான். உனக்காக அந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன் கயல். சத்தியமாகத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நிலத்தைக் கொடுத்தவனுக்குப் பொய்யையுமா கொடுப்பது?

"வடிச்சிக் கழுவிட்டுத்தான்டா வருவேன்" என்றேன். "ஆனா நிக்காத, போடான்னு கத்துவேன்."

அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "நீ கத்துனாலும் நான் நின்னிருப்பேன்க்கா" என்றான். பாத்திக்குப் போய்விட்டான்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டைப் பாயிலேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வருத்தம் மட்டும் இல்லை அதில்.

இனி நான் போய்ப் பிரயோஜனமில்லை. நாங்கள் இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டோம். நீ லீவு போட்டுக்கொண்டு வா, அவனிடம் போ. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. காலில் விழு, மாமா நீங்கள் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல். உன் இஷ்டம்போல அழு, சண்டை போடு, அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. எங்கம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. அவனுக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

அம்மா